பெயர் தெரியாத கருவி

எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அப்போதும் முள் சுற்றினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் நான் நடத்துகிற பாடம் இது. கவுண்டர் கம்பியைத் தட்டிச் சண்டைக்கு நிற்கிறவர்கூட இதைக் கேட்டதும் கொஞ்சம் தணிந்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், மறுநாள் வந்து, ஆமா மேடம், கக்கூஸ் தொட்டியிலதான் ஒழுகுது என்று குரலை இறக்குவார். இப்போது என் வீட்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முள் சுற்றுகிறது. தண்ணீர் மீட்டர் இல்லை, இன்டர்நெட் மீட்டர். முள்கூட இல்லை, கைப்பேசித் திரையில் துள்ளி ஓடும் ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான், ஆனாலும் ஒழுகல் ஒழுகல்தானே. என் கைப்பேசியை வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து அதன் சொந்த சிம்மில் ஓடவிட்டாயிற்று. லேப்டாப் மூடிக் கிடக்கிறது. இவர் கைப்பேசி இவரோடு நாகர்கோவில் போயிருக்கிறது. ஹாலில் டிவிச் சத்தம் இல்லை. வீட்டில் இருப்பது நானும் இவருடைய அக்காவான மதினியும், மதினியிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன், அதில் கூப்பிடலாம், எடுக்கலாம், டார்ச் அடிக்கலாம். அப்படியானால் யார் குடிக்கிறது. மாத்திரை போட்ட வாய் கசக்கிறது, போர்வைக்குள் கால் வியர்க்கிறது, தூங்கு தூங்கு என்கிறது உடம்பு, நான் ஒரு பச்சைக் கோட்டைக் காவல் காத்துக்கொண்டு கிடக்கிறேன். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இவருக்கு ஏன் என்பது முக்கியமில்லை, நிற்க வேண்டும், அவ்வளவுதான். இவர் என்றால் என் வீட்டுக்காரர் நயினார், மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரிவு, பகலெல்லாம் ஊர் ஊராக டாக்டர்களைப் பார்த்துவிட்டு வந்து சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து மேனேஜரிடம் ஒப்பிப்பார். எங்கள் இணைப்பில் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று ஓர் அளவு உண்டு, அது தீர்ந்துவிட்டால் நெட் நின்றுபோகாது, நொண்டும். போன மாதக் கடைசியில் அப்படி நொண்டினபோது இவர் வாயைத் திறந்தது திறந்தபடி திரையில் உறைந்துபோனாராம், மேனேஜர் உட்பட அத்தனை பேரும் இவருடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு இவருக்கு இன்னும் செரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ரூட்டருக்கான செயலியை எங்கள் இரண்டு பேர் கைப்பேசியிலும் ஏற்றினார். எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று அதில் வரிசையாகத் தெரியும். நயினார் போன், வடிவு போன், லேப்டாப், டிவி என்று ஒவ்வொன்றுக்கும் இவரே பெயர் அடித்து வைத்திருக்கிறார். வடிவு நான்தான், முழுப்பெயர் சண்முகவடிவு. இந்த நான்கும் சாதுக்கள். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் கிடையாது, இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீள வால், அதுதான் வீட்டுக்கு வருவதில் முக்கால்வாசியைக் குடிக்கிறது, அதுவும் பகலில், நாங்கள் வேலைக்குப் போன பிறகு. காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார், “சாயங்காலம் வந்ததும், பகல்ல ஓடுத அந்தப் பேரில்லாததத் தூக்கிடுதேன். தடைன்னு ஒரு பொத்தான் இருக்கு, அமுக்குனா போதும். எவன் வந்து கேக்கான்னு பாப்போம், வந்து கேக்கவன்தான் திருடன்.” திருடன் என்னும்போது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார். “கொஞ்சம் பொறுங்க, நான் இன்னிக்கு லீவுதான, கண்டுபிடிச்சுச் சொல்லுதேன்” என்றேன். மதினி சட்னி ஊற்ற வந்தாள், ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

பக்கத்து வீடு டெய்சி டீச்சர் வீடு. மழைக்காலத்தில் தெருவில் கேபிள் அறுந்து அவர்களுக்கு நெட் போனபோது நான்தான் எங்கள் பாஸ்வேர்டைச் சொன்னேன், பாலுக்கு உறை மோர் கேட்டு வந்தால் கொடுக்க மாட்டோமா, அந்த மாதிரி. உறை மோர் கொடுத்தவர்கள் பிறகு சுவருக்கு மேலே எட்டி, எங்க மோர்லதான் இன்னும் தயிராக்கிக்கிட்டு இருக்கியளா என்று கேட்பதுண்டா. கேட்டால் டீச்சர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் ஏறுகிறது. இவர் பாட்டுக்குத் தடுத்துவிடுவார், டீச்சர் வீட்டு மருமகன் துபாயிலிருந்து வந்திருக்கிறவர் வாசலில் வந்து, அங்கிள் நெட் வரல என்பார், இவர் ஆகா சிக்கினான் என்று ஆரம்பிப்பார், அதோடு முடிந்தது, கிறிஸ்துமஸ் கேக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஆனால் மருமகன் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒழுகல் அதற்கு முந்தியே தொடங்கிவிட்டது. அதுவுமில்லாமல் இந்தப் பச்சைக் கோட்டின் நடை எனக்கு விளங்கவில்லை. படம் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், பிடிக்காவிட்டால் மாற்றுவார்கள், பாட்டு வந்தால் ஓட்டுவார்கள், கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். மெகா சீரியல்காரர்கள்கூட நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்திருப்பார்கள். இது அப்படியில்லை, ஒரே சீராக, பசு அசைபோடுகிற மாதிரி, நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாளெல்லாம் ஓட்டாமல் மாற்றாமல் ஒருத்தர் பார்க்கக்கூடிய படம் என்ன படம். அப்படி ஒன்று இருந்தால் நானும் பார்க்கலாமே. ஒருமுறை ஆபீசில் ஒரு வீட்டு மீட்டர் இப்படித்தான் சீராக ஓடிக்கொண்டே இருந்தது, போய்ப் பார்த்தால் கொல்லையில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில் ஓர் ஆமை, ஆமைக்கு ஓடுகிற தண்ணீர்தான் பிடிக்குமென்று அந்த வீட்டு அம்மாள் குழாயை நூலளவு திறந்தே வைத்திருந்தாள். எங்கள் இஞ்சினீயர் அபராதம் என்றார், அந்த அம்மாள் ஆமையைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அவர் என்ன எழுதினார் என்பது இப்போது ஞாபகமில்லை, ஆமையின் கழுத்து மட்டும் ஞாபகமிருக்கிறது. யாருடைய ஆமையோ இது.

கிரீக், கிரீக். இந்தச் சத்தம் எவ்வளவு நேரமாகக் கேட்கிறது, நான் இப்போதுதான் கவனிக்கிறேன். ஃபேன் சத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிரீக், ஹாலிலிருந்து வருகிறது, மெல்லிசாக. எங்கள் ஹால் ஃபேன் புதுசு, தீபாவளிக்கு மாட்டினது, அது மூச்சுக்கூட விடாது. என் தலைக்கு மேலே ஓடுவதும் கிரீச்சிடாது, அடுக்களையில் ஃபேனே கிடையாது. காய்ச்சலில் காது இப்படியெல்லாம் கேட்குமோ. நாளைக்கு ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுவாரோ டாக்டர், தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்குமோ, கொசு எப்போது கடித்தது, ஆபீஸ் மேஜைக்கடியிலா, குடிநீர்ப் பிரிவில் கொசுவென்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். கிரீக். இல்லை, காது சரியாகத்தான் இருக்கிறது. அடுத்தாற்போல ஒரு விசில், குக்கர் விசில், எங்கேயோ தூரத்து அடுக்களையில் அடித்த மாதிரி, ஆனால் அதுவும் ஹாலுக்குள்ளிருந்து. எங்கள் வீட்டில் சோறு எப்போதோ வடித்தாயிற்று, எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, “குடிச்சிட்டு ஒறங்கு வடிவு, மாத்திரை போட்டா நல்லா ஒறக்கம் வரும்” என்று மதினி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மதினி குக்கர் வைக்க மாட்டாள், பானைதான், குக்கர் சோறு அவளுக்கு ஆகாது. பின்னே யார் வீட்டுக் குக்கர் எங்கள் ஹாலில் விசிலடிக்கிறது. எனக்கு உறக்கம் சுத்தமாகப் போய்விட்டது. பயமா என்றால் பயமில்லை, மூக்கு வியர்த்துவிட்டது, அவ்வளவுதான்.

மதினி சாத்திவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஒரு சொல் கேட்டது, அதையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு சொல். போனில் பேசுகிறாளோ என்று நினைத்தேன், ஆனால் போனில் பேசுகிறவர் ஒரு சொல்லோடு நிறுத்துவாரா. மதினி தனக்குள் பேசிக்கொள்கிற ஆளும் இல்லை, மற்றவர்களோடு பேசுகிறதே குறைவு. சௌந்திரவல்லி என்று பெயர், இவருக்கு மூத்தவள். எதையும் கேட்க மாட்டாள். சேலை எடுக்கப் போகிறோம் மதினி, உங்களுக்கு என்ன நிறம் என்றால், “எனக்கெதுக்கு, இருக்கது போதும்” என்பாள். பல்வலியில் கன்னம் வீங்கிக் கிடந்தபோதுகூட நாங்களாகப் பார்த்துத்தான் கூட்டிப்போனோம். கோயில் பாட்டு கேட்கட்டுமே என்று ஒருநாள் டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்து, இந்த மைக் பொத்தானை அமுக்கிக்கிட்டுச் சொன்னா போதும், தேடவே வேண்டாம், அதுவே கொண்டாந்து போடும் என்று காட்டினேன், “எனக்கு இதக் கண்டாலே பயமா இருக்கு” என்று தட்டில் வைக்கிற மாதிரி என் கையில் திருப்பி வைத்துவிட்டாள். ஒரு காலத்தில் கேட்டிருக்கிறாள், ஒரே ஒரு தடவை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால். அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்க மாட்டாமல் வந்துவிட்டாள், பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், கல்யாணத்தைத் தீர்த்துவிடலாம், பெண் குழந்தை மட்டும் எங்களோடு இருக்கட்டும் என்றார்கள் அந்தப் பக்கம். பிள்ளையைக் கேட்டு மதினி அழுதாளாம். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இவர், அங்க வசதி இருக்குக்கா, நாம வச்சு என்ன செய்யப்போறோம், அவங்களே வளக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். என் மாமியார் சாவதற்கு முன் இதை என்னிடம் குசுகுசுவென்று சொன்னாள், இந்துஜான்னு பேரு வச்சிருந்தா வடிவு, பேச ஆரம்பிச்சிருந்துச்சு என்றாள். அந்தப் பெயரை இந்த வீட்டில் நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, பிள்ளை என்ற பேச்சே இந்த வீட்டில் சுற்றிவளைத்துத்தான் போகும். எங்கேயிருந்து எங்கே வந்துவிட்டேன், நான் தேடிக்கொண்டிருப்பது டேட்டாவை. அந்த ஒரு சொல் என்னவாக இருக்கும்.

திருட்டு இணைப்பைக் கண்டுபிடிக்க எங்கள் பிரிவில் ஒரு வழி உண்டு. வீடு வீடாகப் போக வேண்டாம், தெரு முனையில் வால்வைப் பாதி திருகிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டும், கணக்கில் இல்லாத எந்த வீட்டிலிருந்து முதலில் ஆள் வெளியே வந்து குழாயை எட்டிப் பார்க்கிறாரோ அவர்தான். செயலியிலும் அப்படி ஒரு வால்வு இருக்கிறது, ஒவ்வொரு கருவிக்கு எதிரேயும் ஒரு கோடு, விரலால் இடது பக்கம் தள்ளினால் வேகம் குறையும். பெயரில்லாத அதன் கோட்டைத் தள்ளினேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பச்சைக் கோடு தரையோடு படுத்தது. டெய்சி டீச்சர் வீட்டுக் கேட் திறக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், கேட் திறக்கவில்லை. மருமகன் தொண்டையைச் செருமுகிறாரா, இல்லை. ஹாலில் அந்தக் கிரீக் மட்டும் தடுமாறியது. கிரீக், பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு கிரீக் சேர்ந்தாற்போல. நாற்காலி நகர்கிற சத்தம். என் வால்வுக்கு என் வீட்டிலேயே ஆள் எழுந்திருக்கிறது. போர்வையை உதறிவிட்டு எழுந்தேன், தலை ஒரு சுற்றுச் சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவை விரலிடுக்கு அளவு திறந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இவர் டிவி என்று பெயரடித்து வைத்திருப்பது பெட்டியை, அதன் முதுகில் ஒரு குச்சி செருகியிருக்கிறதே, கடைக்காரன் மாட்டிக்கொடுத்தது, நெட்டில் வருகிற படமெல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது, அது தனிக்கருவி, அதற்குப் பெயர் வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. திரையில் யாரோ ஒருத்தி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள், முகம் கட்டங்கட்டமாகச் சிதறிக் குழம்பிக் கிடந்தது, நான் வேகத்தை நெரித்த கோலம். மதினி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையை எடுத்துத் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள். தூசி படிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். மேஜையைத் துடைக்கவில்லை, பின்னாலிருந்த சுவரைத் துடைக்கவில்லை, முகம் இருந்த இடத்தை மட்டும், நெற்றி, கன்னம், தாடை என்று மெதுவாக, சோறு ஊட்டி முடித்துப் பிள்ளைக்கு வாய் துடைக்கிற மாதிரி துடைத்தாள். அது யாரென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு செயலியில் அந்தக் கோட்டை வலது பக்கம் கடைசிவரை தள்ளினேன். மதினியின் முந்தானைக்கு அடியில் முகம் தெளிந்து வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, காய்ச்சல் அழுகையென்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது காய்ச்சல் இல்லை.

இருபது வயது தாண்டிய பெண், தலைக்குக் குளித்து ஈரம் காய விட்டிருந்தாள், முன்னால் தடித்தடியாகப் புத்தகங்கள், ஒன்றும் பேசவில்லை, யாரையும் பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். திரைக்குக் கீழே இந்துவோடு படிப்போம், நேரலை என்று எழுதியிருந்தது. இப்படி ஒன்று உண்டென்று ஆபீசில் ஒரு பிள்ளை சொல்லிக் கேட்டிருக்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கேமராவை வைத்துக்கொண்டு நாளெல்லாம் சும்மா படிப்பார்களாம், தனியாகப் படிக்கச் சோம்பல் வருகிற மற்றவர்கள் அதைப் போட்டுக்கொண்டு கூடவே படிப்பார்களாம். யார் இதைப் போய்ப் பார்ப்பார்கள் என்று அன்றைக்குச் சிரித்தேன். அவள் தலைக்கு மேலேயுள்ள ஃபேன் கிரீக் என்றது. ஒரு பக்கத்தை முடித்ததும் கீழ் உதட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், பேப்பர் படிக்கும்போது இவர் செய்கிற அதே சேஷ்டை, எத்தனை தடவை நான் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது அம்பாசமுத்திரத்துக்கு எப்படிப் போயிற்று. நான் வெளியே வந்தேன். மதினி திரும்பிப் பார்த்தாள், ரிமோட்டைத் தேடவில்லை, அணைக்கவில்லை. “காய்ச்சல் விட்டுட்டா?” என்றாள். “விட்டுட்டு மதினி” என்று பொய் சொன்னேன். “படம் மங்கிப்போச்சு. இப்பதான் தொடச்சேன், சரியாப்போச்சு” என்றாள். நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன், எனக்குத் தொண்டைக்குள் ஆயிரம் கேள்வி, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. “ஆரு மதினி சொன்னா ஒங்களுக்கு, அவ இதுல வருதான்னு?”

“ஆரும் சொல்லல. பொத்தான அமுக்கிப் பேரைச் சொன்னா வரும்னு நீதான சொன்ன. நீங்க போன பெறகு ஒருநாள் சும்மா சொல்லிப் பாத்தேன்.” அந்த ஒரு சொல். நான் எதற்காகவெல்லாம் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறேன், சமையல், சினிமா, முழங்கால் வலி. “சொன்னதும் வந்துட்டாளா?” “எங்க. எத்தன இந்துஜா இருக்காளுவ தெரியுமா வடிவு, ஆடுதவ, பாடுதவ, மொகத்துக்குப் பூசச் சொல்லிக்குடுக்கவ. ஒவ்வொருத்தியாப் பாத்துக்கிட்டே வந்தேன். சில பிள்ளைய மொகத்தக் காட்டாம கையை மட்டும் காட்டும், அதையும் கடைசி மட்டும் இருந்து பாப்பேன், ஒருவேளை கடைசில காட்டுவாளோன்னு.” போன மாதம் டேட்டா தீர்ந்தது அதற்குத்தான். இவருடைய கடைவாய்ப் பல்லை ஊர் பார்த்தது அதற்குத்தான். “இவதான்னு எப்படித் தெரிஞ்சிது?” என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாத கேள்வி, மதினி என்னைப் புரியாமல் பார்த்தாள், தண்ணீர் நனைக்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டதைப் போல. “பெரிய பரீட்சை எழுதப் போறாளாம், குரூப் ஒன்னாம், கீழ எழுதிப் போட்டிருக்கா. எழுத்தக் கூட்டி வாசிச்சிட்டேன்” என்றாள். “அவளுக்குத் தெரியுமா மதினி, நீங்க பாக்கது?” மதினி ரிமோட்டால் திரையின் மூலையைக் காட்டினாள், இப்போது பார்க்கிறவர்கள் இத்தனை பேர் என்று ஒரு சின்ன எண் அங்கே கூடிக் குறைந்துகொண்டிருந்தது. “அதுல ஒண்ணு நான்” என்றாள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “காலையில நயினாரு சொன்னான்லா, சாயங்காலம் தூக்கிருவேன்னு. நீ வீட்டுல இருக்கியேன்னுதான் மொதல்ல போடாம இருந்தேன். பெறகு, இன்னிக்கு மட்டுந்தானன்னு போட்டுட்டேன். சத்தத்தக் கொறச்சுத்தான் வச்சேன்” என்றாள்.

எவன் வந்து கேட்கிறான் என்று பார்ப்போம் என்றாரே, யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். இவர் பொத்தானை அமுக்கியிருப்பார், மூலையில் அந்த எண்ணில் ஒன்று குறைந்திருக்கும், அங்கே அந்தப் பெண் குனிந்து படித்துக்கொண்டே இருந்திருப்பாள், இங்கே மதினி நாளைக்கும் தோசைக்குச் சட்னி ஊற்றியிருப்பாள், ஒழுகல் நின்றுவிட்டது பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று இவர் மீசையைத் தடவியிருப்பார், நானும் ஆமாம் என்றிருப்பேன். இவரிடம் என்ன சொல்லலாம், நான்தான் காய்ச்சலில் படம் பார்த்தேன் என்றால் இத்தனை நாளாக யார் பார்த்தது என்பார், டீச்சர் வீட்டு மருமகன் என்றால் சண்டைக்குப் போவார், உண்மையைச் சொன்னால் என்ன செய்வார் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை, கத்துவாரா, வெளியே இறங்கிப் போய்விடுவாரா, அன்றைக்கு நல்லதுக்குத்தானே சொன்னேன் என்பாரா. இதில்கூட ஒரு ஓரத்தில் எனக்கு அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, என் புத்தி அப்படி. கையில் போன் அடித்தது. அவர்தான். பச்சையைத் தொட்டேன், அவசரத்தில் ஸ்பீக்கரையும் தொட்டுவிட்டேன். “ஏளா, எவன்னு தெரிஞ்சிதா? எனக்கு இங்க டாக்டர் வர நேரமாகும், சும்மாதான் இருக்கேன், ஆப் எங்கிட்டயும் இருக்குல்லா, இங்கேருந்தே தூக்கிடட்டா?” பின்னால் பஸ் சத்தம், யாரோ டீ என்று கத்துகிற சத்தம். “இருங்க, இருங்க” என்றேன். மதினி கையை நீட்டினாள். இந்த வீட்டில் அவள் எதற்காகவும் கை நீட்டி நான் பார்த்ததில்லை, அதனால் என்ன கேட்கிறாள் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு போனைக் கொடுத்தேன்.

“ஏல நயினாரு, அதத் தூக்காத.”

“எக்கா? நீயா? எதத் தூக்க வேண்டாங்க?”

“பேரில்லாததுன்னு சொன்னேல்லா, அது. நான்தான் பாக்கேன்.”

“நீயா?” சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் அங்கே எழும்பி நின்றுவிட்டது. “நீ என்னத்தக்கா பாக்க, அம்புட்டு நேரம்?”

“பிள்ளையப் பாக்கேன்.”

எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, டீ விற்கிறவர் குரல் பக்கத்தில் வந்து தள்ளிப் போயிற்று, போன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டித் திரையைப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. மதினி போனைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் குரல் வந்தது, மேனேஜரிடமும் என்னிடமும் பேசுகிற குரல் இல்லை, நான் கேட்டறியாத ஒரு சின்னக் குரல். “எக்கா, எப்படி இருக்கா?”

“இரு, குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்கா. நிமிரட்டும், பாத்துச் சொல்லுதேன்” என்றாள் மதினி. அவர் போனை வைக்கவில்லை.